மாமா கடையில் தம்பிக்கு என்ன வேலை?

கேள்வி: எங்கள் ஊர் குத்தாலம் பக்கம். என் தம்பிக்கு 26 வயது. அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பதினெட்டு வயது வரை சிறப்புப் பள்ளிக்குப் போனான், அப்புறம் எட்டு வருடமாக வீட்டில்தான். அப்பா இல்லை. அம்மாவுக்கு 61. நான் கல்யாணமாகி மயிலாடுதுறையில் இருக்கிறேன். எங்கள் தாய்மாமா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். “பையன் வந்து சும்மா உக்காந்திருக்கட்டும், டீ கீ வாங்கிக் கொடுக்கட்டும், தினம் அம்பது ரூபா தர்றேன்” என்கிறார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மளிகைக் கடையில் விட்டோம், மூன்றாம் நாளே எடைக்கல்லைத் தூக்கி எறிந்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். டீக்கடைப் பக்கம் போனால் பையன்கள் ஆடச் சொல்லிக் கிண்டல் செய்கிறார்கள். எங்களுக்கு அவன் இன்னும் குழந்தைதான். அனுப்பலாமா? இல்லை, முதலில் எங்காவது பயிற்சி கொடுத்துத் தயார் செய்துவிட்டு அனுப்பலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அனுப்புங்கள். ஆனால் மாமா சொல்கிற வேலைக்கு வேண்டாம். சும்மா உட்கார வீட்டுத் திண்ணையே போதும், அதற்கு எதற்கு ஒரு கடை?

முதலில் அந்த 75 சதவீதம். உங்கள் அம்மா அதை ‘முக்கால்வாசி மூளை வேலை செய்யவில்லை’ என்று புரிந்துவைத்திருக்கலாம், என்னிடம் வருகிற பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. தானாகச் சாப்பிடுவாரா, உடுத்துவாரா, தெருவில் தனியாகப் போய்வருவாரா, கடையில் காசு கொடுத்துச் சாமான் வாங்குவாரா என்று வீட்டாரிடம் கேட்டு மதிப்பெண் போடுவார்கள். அதில் 36 முதல் 54 வரை வந்தால் மிதமான குறைபாடு, அதற்கு 75 சதவீதம் என்று எழுத வேண்டும் என்பது 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு விதி. லேசான குறைபாட்டுக்கே 50 சதவீதம். ஆக அது சலுகைக்காகப் போட்டுவைத்த ஒரு படிநிலை எண், அவ்வளவுதான். இன்னொன்றையும் யோசியுங்கள். எட்டு வருடமாக யாரும் பேருந்தில் தனியாக ஏற்றிவிடாத ஒருவரைப் பற்றி ‘பேருந்தில் தனியாகப் போவாரா’ என்று கேட்டால் ‘மாட்டார்’ என்றுதானே பதில் வரும்? அந்த எண்ணில் அவருடைய குறைபாடும் இருக்கிறது, நாம் அவரைப் பொத்திவைத்த கணக்கும் கொஞ்சம் இருக்கிறது.

(நான் ‘அவர்’ என்று எழுதுவது உங்களுக்கு விநோதமாகப் படலாம். 26 வயது ஆள், மீசை வைத்தவர். நீங்கள் அக்கா, ‘அவன்’ என்பது உங்கள் உரிமை. ஆனால் கடையில் வேலை பார்ப்பவர்கள் முன்னால் ‘குழந்தை மாதிரி’ என்று மட்டும் சொல்லி அறிமுகம் செய்யாதீர்கள், அவர்கள் அப்படியே நடத்துவார்கள், குழந்தைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?)

தயார் செய்துவிட்டு அனுப்பலாமா என்று கேட்டீர்களே, அதில்தான் நான் பல வருடம் தப்புப் பண்ணினேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் வேலை பார்த்தபோது பேப்பர் கவர் ஒட்டுவது, மெழுகுவர்த்தி ஊற்றுவது, ஊதுபத்தி உருட்டுவது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தோம். தயாரானதும் வேலை தேடலாம் என்பது திட்டம். தயாரானதே இல்லை. ஒரு பையனுக்குப் பிளாஸ்டிக் நாணயங்களை வைத்துச் சில்லறை எண்ணுவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தேன், பிரமாதமாக எண்ணுவான். ஒரு டீக்கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் நிஜ நாணயத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கிறான், பழைய ஐந்து ரூபாய் தடிமனாக ஒன்று, புதிது மஞ்சளாக ஒன்று, எதற்கும் நான் சொல்லித்தந்த பிளாஸ்டிக் வட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. தப்பு அவனுடையது இல்லை. ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் இவர்களுக்கு ரொம்பக் கஷ்டம். அப்படியிருக்க நாங்கள் வேண்டுமென்றே வேறு இடத்தில் வைத்துக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம்.

எந்த இடத்தில் வேலையோ அந்த இடத்தில், அந்தப் பாத்திரத்தை வைத்து, அந்த ஆட்களோடுதான் கற்றுக்கொடுக்க வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்று ஒரு சிறப்பாசிரியர், ‘இவர்களால் எதுவும் முடியாது’ என்று ஒதுக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, பல உதிரிகள் கொண்ட சைக்கிள் பிரேக்கைக் கோக்கக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். கற்க முடியாதவர் என்று யாருமில்லை, ஒரு வழியில் வரவில்லை என்றால் வேறு வழியில் சொல்லிக்கொடு என்பது அவர் கட்சி. அப்புறம் அங்கேயும் மற்ற நாடுகளிலும், முதலில் வேலையில் சேர்த்துவிட்டு, கூடவே ஒரு பயிற்றுநர் நின்று சொல்லிக்கொடுத்து, மெல்ல விலகிக்கொள்கிற முறை வளர்ந்தது. குத்தாலத்தில் அப்படி ஒரு பயிற்றுநர் கிடைப்பாரா என்று தேடி நாளைக் கடத்த வேண்டாம். முதல் பத்து நாளைக்கு அது நீங்கள்தான்.

இனி கடை. வாடகைப் பாத்திரக் கடை என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே நல்ல இடம். முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில் ஒரு டாடா ஏஸ் நிறைய அண்டா, குண்டா, தாம்பாளம், டவரா, டம்ளர், ஜல்லிக்கரண்டி என்று வந்து இறங்கும். துடைக்க வேண்டும், வகை பிரிக்க வேண்டும், எண்ண வேண்டும், இடம் பார்த்து அடுக்க வேண்டும். வேலை அதேதான், பாத்திரமும் அதேதான், திரும்பத் திரும்ப வரும். ஒருநாள் நீங்கள் போய் ஓரமாக உட்கார்ந்து, அங்கே என்னென்ன நடக்கிறது, யாருக்கு எது கையைக் கடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். கழுவுகிற அக்கா துடைப்பதற்கும் எழுந்துவர வேண்டியிருக்கிறதா? டம்ளர் குறைகிறது என்று மாமா திரும்ப எண்ணுகிறாரா? அந்த ஓட்டையில்தான் உங்கள் தம்பியின் வேலை இருக்கிறது. ‘பாவம், ஒரு வேலை கொடு’ என்று கேட்பதைவிட ‘மாமா, டம்ளர் துடைத்து அடுக்குவதை இவன் பார்த்துக்கொள்வான், அக்கா கழுவுவதை மட்டும் பார்க்கட்டும்’ என்று கேளுங்கள். வியாபாரிக்கு அந்தப் பேச்சு புரியும்.

ஐம்பது வரைக்கும்கூட எண்ணத் தெரியாதே என்பீர்கள். எண்ண வேண்டாம். ஐம்பது டம்ளர் நிற்கிற மாதிரி ஒரு தட்டோ மரச்சட்டமோ செய்துவிடுங்கள், வரிசைக்குப் பத்து, ஐந்து வரிசை, நிறைந்தால் ஐம்பது, ஒரு குழி காலியாக இருந்தால் ஒன்று குறைகிறது. எண்ணத் தெரிந்தவர்களே முகூர்த்த அவசரத்தில் தப்பாக எண்ணுவார்கள், சட்டம் தப்பாது. எது எங்கே போக வேண்டும் என்பதற்குப் பெயிண்ட் போதும். கடைப் பாத்திரங்களில் எப்படியும் பெயர் வெட்டியிருப்பார்கள், கூடவே வகைக்கு ஒரு நிறமாகப் பொட்டு வையுங்கள், அலமாரித் தட்டிலும் அதே நிறப் பொட்டு. சிவப்பு சிவப்போடு, பச்சை பச்சையோடு.

கற்றுக்கொடுக்கும்போது வாயைக் குறையுங்கள். நம் ஊர்ப் பழக்கம், நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து ‘அத எடு, இப்புடி வை, அது இல்லப்பா, ஐயோ’ என்போம், நமக்கே தலை சுற்றும். நீங்கள் ஒரு டம்ளரைத் துடைத்துச் சட்டத்தில் வைத்துக் காட்டுங்கள், பேசாமல். அடுத்ததை அவர் கையில் கொடுங்கள். தடுமாறினால் கையைத் தொட்டு நகர்த்துங்கள், இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடாமல் விரலால் காட்டுங்கள், அப்புறம் அதையும் விட்டுப் பார்வையால் மட்டும். கடைசி வேலையிலிருந்து ஆரம்பிப்பது இன்னொரு நல்ல வழி. நாற்பத்தெட்டு டம்ளரை நீங்கள் வைத்துவிட்டு மிச்சம் இரண்டை அவரை வைக்கச் சொல்லி, சட்டத்தை அவரையே தூக்கி அலமாரியில் வைக்கவிடுங்கள். முடித்த சந்தோஷம் முதல் நாளே கிடைக்கும். மறுநாள் ஐந்து, அப்புறம் பத்து. ஒன்று மட்டும் கவனம், நீங்கள் போகப்போகத் தள்ளி நிற்க வேண்டும். அக்கா பக்கத்தில் நின்றால்தான் வேலை செய்வேன் என்று பழகிவிட்டால் அப்புறம் நீங்களும் அந்தக் கடையில் சம்பளமில்லாத ஆளாகிவிடுவீர்கள். நாலைந்து நாளிலேயே கழுவுகிற அக்காவைப் பக்கத்தில் இருக்கச் சொல்லி, நீங்கள் கல்லாப் பக்கம் போய்விடுங்கள். மாமாவிடம் இந்தப் பொறுப்பை விடாதீர்கள், அவர் எந்நேரமும் போனில் இருப்பார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை மட்டும் வேண்டவே வேண்டாம். சாமான் ஏற்றுகிற அந்தக் கூச்சலில் யாருக்கும் பொறுமை இருக்காது. மறுநாள் காலை, இரண்டு மணி நேரம், அங்கிருந்து ஆரம்பியுங்கள். மார்கழியில் கல்யாணமே இருக்காதே, ஆடியிலும் இல்லையே என்றால், ஆடியில் மாரியம்மன் கோயில் கூழுக்கும் அன்னதானத்துக்கும் பாத்திரம் போகும், காதுகுத்து, கருமாதி எல்லா மாதமும் உண்டு. மார்கழி மந்தமாகத்தான் இருக்கும். திடீரென்று ‘நாளைக்கு வராதே’ என்றால் அவருக்குக் குழம்பிப்போகும், அதனால் வீட்டு நாள்காட்டியில் வேலை நாளுக்கு ஒரு டம்ளர் படம் வரைந்துவையுங்கள், படம் இல்லாத நாள் லீவு.

மளிகைக் கடை விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவரை யாராவது கேட்டீர்களா? நான் பார்த்தவரை மளிகைக் கடையில் இப்படி விடப்படுகிறவருக்கு ‘வேலை’ என்று ஒன்று இருக்காது, யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும், ஒன்றை எடுக்கும் முன் இன்னொன்று வரும், தப்பாக எடுத்தால் திட்டு விழும். மூன்று நாள் தாங்கியிருக்கிறாரே, அதுவே பெரிசு. சொல்லத் தெரியாதவருக்குக் கைதான் வாய். அடுத்த தடவை அப்படி நடக்கும் முன் ஏதாவது அறிகுறி இருக்கும், காதைப் பொத்துவது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது, நடந்துகொண்டே இருப்பது மாதிரி. அது என்ன என்று உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அதைக் கடை அக்காவிடம் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் கொல்லைப் பக்கம் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவர ஓர் இடம் இருக்கட்டும். கூடவே, சேர்க்கும் முன் காதையும் கண்ணையும் சோதித்துவிடுங்கள். ‘சொன்னால் கேட்க மாட்டான்’ என்று வருடக்கணக்காகத் திட்டு வாங்கிய ஒருவருக்குக் காதில் கட்டியாக அடைத்திருந்த குறும்பியை எடுத்ததும் பாதிப் பிரச்சினை போனதை நான் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம் என்றால் தைராய்டும் பார்க்க வேண்டும்.

வலிப்பு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஏணி வேண்டாம், வெந்நீர் அண்டா பக்கம் வேண்டாம். பெரிய அண்டாக்களை வாய்க்கால் படித்துறையில் வைத்துத் தேய்க்கிற வழக்கம் அந்தக் கடையில் இருந்தால் அது கட்டாயம் வேண்டாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் உங்கள் பக்கம் வந்துவிட்டால் வாய்க்கால் எல்லாம் முழங்காலளவு என்று நினைத்து இறங்குகிற இடம் கழுத்தளவு இருக்கும்.

கூலி. ஐம்பது ரூபாயும் டீயும் என்பது கூலி இல்லை, கைச்செலவு. மாமா நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் நல்ல மனசு ஆறு மாதத்தில் அலுத்துப்போகும், கணக்கு அலுக்காது. அங்கே துடைத்து அடுக்குகிற ஆளுக்கு ஒருநாள் கூலி என்னவோ, இவர் எத்தனை மணி நேரம் செய்கிறாரோ, அதற்கேற்ப. ஆரம்பத்தில் வேகம் பாதி என்றால் பாதி, அதை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள், வேகம் கூடும்போது கூலியும் கூட வேண்டும். முக்கியமானது, பணத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். அம்மாவிடமோ உங்களிடமோ இல்லை. வாரம் ஒருமுறை, எல்லாருக்கும் கொடுக்கிற அதே வரிசையில் நின்று. எண்ணத் தெரியாவிட்டால் என்ன, நூறு ரூபாய் நோட்டாகக் கொடுக்கட்டும், ஒரு நோட்டு அவர் இஷ்டத்துக்கு, மற்றவை உண்டியலுக்கோ வங்கிக்கோ. முதல் வாரம் முழுப் பணத்துக்கும் புரோட்டா வாங்கிச் சாப்பிட்டால் சாப்பிடட்டும். நாமெல்லாம் முதல் சம்பளத்தை என்ன பண்ணினோம்?

அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடும், அதில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மனநோய் போன்றவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதமும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. யாராவது அதைச் சொல்லி ‘காத்திருங்கள்’ என்பார்கள். காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏற்கெனவே எட்டு வருடம் போய்விட்டது.

டீக்கடை. இதில் கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். ஆடச் சொன்னால் அவர் ஆடுகிறார் இல்லையா, திரும்பவும் அங்கேயே போகிறார் இல்லையா? ஏனென்றால் நாள் முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் அவர்கள் மட்டும்தான். அதைத் தடுத்து வீட்டில் உட்காரவைத்தால் அதுவும் இல்லாமல் போகும். வேறு விதமாகக் கூப்பிடுகிறவர்கள் வேண்டும். கடையில் வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து போய், அவர் காசில் டீ குடிக்கட்டும், அந்த நேரத்தில் பையன்கள் நடந்துகொள்வது கொஞ்சம் மாறும். டீக்கடைக்காரரிடம் நீங்கள் ஒருமுறை நேராகப் பேசுங்கள், ‘அண்ணே, உங்க கடையில வச்சுதான் நடக்குது’ என்று. வீட்டில் ஒத்திகை பாருங்கள், நீங்கள் ‘ஆடுடா’ என்று சொல்ல, அவர் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்து நடக்க வேண்டும், தினம் ஐந்து நிமிடம், விளையாட்டாக. ‘மாட்டேன்’ என்ற சொல்லை நாம் இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதே இல்லை, நல்ல பிள்ளை என்றால் சொன்னதைச் செய்ய வேண்டும் என்று வளர்த்துவிடுகிறோம், அப்புறம் குடிக்கக் கொடுத்தாலும் குடிக்கிறார்கள், யார் எங்கே தொட்டாலும் பேசாமல் இருக்கிறார்கள். மீறிப் போனால் சட்டமும் இருக்கிறது. முன்பு சொன்ன 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. ஊருக்குள் வழக்கு என்று ஆரம்பித்தால் உறவு கெடும், தெரியும். ஆனால் இப்படி ஒரு பிரிவு இருப்பது டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருப்பதில் தப்பில்லை.

கோயில் திருவிழாவில் அவர் என்ன செய்கிறார்? ஓரத்தில் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் இந்த வருடம் மாற்றுங்கள். கூழ் ஊற்றும்போது டம்ளர் எடுத்துக் கொடுக்கிற ஆளாக நிற்கட்டும், அது மாமா கடை டம்ளர்தான் என்றால் இன்னும் நல்லது.

போக்குவரத்து ரொம்பக் கஷ்டமில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் ஒருவரும் 2021 முதல் டிக்கெட் இல்லாமல் போகலாம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முதலில் கூடவே போங்கள், அப்புறம் ஒரே பேருந்தில் நாலு சீட் தள்ளி உட்காருங்கள், அப்புறம் இறங்குகிற இடத்தில் மட்டும் நில்லுங்கள். வீட்டு நம்பர் எழுதிய அட்டை சட்டைப்பையில் எப்போதும்.

அம்மாவின் பயம் கடையைப் பற்றியது மட்டும் இல்லை, ‘எனக்கு அப்புறம்’ என்பதுதான். அதற்குப் பாதுகாவலர் நியமனம் என்று ஒரு வழி இருக்கிறது, பதினெட்டு வயதுக்கு மேல் பெற்ற தாயே ஆனாலும் சட்டப்படி தானாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டார், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். தேவைப்படும்போது செய்யலாம், ஆனால் எதற்கெடுத்தாலும் அவருக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவது என்ற பழக்கத்துக்கு அவசரமாகப் போய்விடாதீர்கள். அம்மாவை முதல் வாரம் கடைப்பக்கம் வரவிடாதீர்கள், வந்தால் துணியை வாங்கி அவரே துடைக்க ஆரம்பித்துவிடுவார். பத்து நாள் கழித்துக் கூட்டிவந்து, எதிர்க்கடைத் திண்ணையில் உட்காரவைத்துக் காட்டுங்கள்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், மதியச் சாப்பாடு. நான் ஒருமுறை ஓர் அரிசி ஆலையில் ஒருவரைச் சேர்த்துவிட்டேன், வேலையெல்லாம் நன்றாகப் போனது, ஆனால் மூன்று மணிக்கு மேல் தினமும் சண்டை. நாலு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் அந்தப் புது டிபன் பாக்ஸின் கிளிப்பை அவருக்குத் திறக்க வரவில்லை, திறந்து கொடு என்று கேட்க வெட்கம், நாலு நாளும் பட்டினி. உங்கள் வீட்டில் பழைய தூக்குவாளி இருக்கும், அதில் கொடுத்தனுப்புங்கள்.